சோலைபாடிப் பறவையைத் தேடி: செங்கோட்டை முதல் தென்மலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

செங்கோட்டையிலிருந்து மேற்கே கிளம்பிப் புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டிக் கோட்டைவாசல் மேட்டில் ஏறி இறங்கினால், காற்றின் வாசனை மாறிவிடும். ஏறும் வரை தென்னையும் வயலும் காய்ந்த பாறையும்தான். இறங்கும் பக்கம் கேரளம்; ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று ஈரக்காடு விரிகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை செங்கோட்டையும் மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. அதனால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. எனக்கு ஒரு தாய்மாமா. ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டு வேலை பார்த்தவர்.

ரப்பர் மரத்தில் விடியும் முன் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். அதனால் வெட்டுக்காரர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வேளையில் தோட்டத்தின் ஓரத்துக் காட்டிலிருந்து ஒரு பறவை பாடும். மாமா அதை, கூட வேலை பார்த்த மலையாளிகள் சொல்கிற மாதிரியே, ஷாமக்கிளி என்பார். தமிழில் சோலைபாடி.

"மருமவனே, அந்தச் சத்தத்த முப்பது வருஷமா கேக்கேன். உருவத்தப் பாத்தது நாலு தடவ இருக்கும்" என்று அவர் ஒருமுறை சொன்னார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான். சோலைபாடியைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தேடி நடக்கிறார்கள், அதனால் பார்க்காமல் திரும்புகிறார்கள். இது கேட்டு, உட்கார்ந்து, காத்திருந்து பார்க்க வேண்டிய பறவை. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை நான் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊர்ப்புறத்தில் வீட்டுக் கூரையிலும் மின்கம்பியிலும் உட்கார்ந்து பாடும் கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சானை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேரளத்தில் மண்ணாத்திப்புள்ளு என்பார்கள். சோலைபாடி அதற்கு நெருங்கிய உறவு, ஒரே பேரினம். குண்டுக்கரிச்சான் மனிதர் பக்கம் வந்துவிட்டது, சோலைபாடி காட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. முன்பு இவற்றைப் பூங்குயில் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இப்போது ஈபிடிப்பான் குடும்பத்தில் வைக்கிறார்கள்.

ஆண் பறவைக்குத் தலை, முதுகு, நெஞ்சு எல்லாம் நீலம் ஓடும் பளபளப்பான கறுப்பு. வயிறு நன்றாகச் சுட்ட செங்கல் நிறம். வால் தொடங்கும் இடத்துக்கு மேலே, முதுகின் அடியில், பளிச்சென்று வெள்ளை. வால் நீளமானது, படிப்படியாகக் குறுகுவது. நடு இறகுகள் கறுப்பு, ஓரத்து இறகுகள் வெள்ளை. அலகு முனையிலிருந்து வால் நுனி வரை 23 முதல் 28 சென்டிமீட்டர் இருக்கும். எடையோ 30 கிராம் சுற்றுவட்டத்தில்தான். ஒரு கைப்பிடி வேர்க்கடலை அளவு.

பெண்ணுக்கு ஆணின் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் சாம்பல் கலந்த பழுப்பு. வயிறு வெளிறிய செம்பழுப்பு, வால் குட்டை. வெள்ளைப் பிட்டம் மட்டும் அப்படியே இருக்கும். குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் பறவைக்கு நெஞ்சில் புள்ளிகள் தெரியும். பல புகைப்படங்களில் ஆண்தான் வருவதால் பெண்ணைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ குருவி என்று கடந்துவிடுகிறார்கள். வெள்ளைப் பிட்டத்தை மனதில் வையுங்கள், அது போதும்.

காட்டுக்குப் போகும் முன் குரலைப் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டு வாரமாவது வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். சீனோ-கான்டோ என்ற இணையதளத்தில் உலகெங்கும் பதிவான பறவைக் குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் இந்தியாவில், முடிந்தால் கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ பதிவானவற்றைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பறவை இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது. தூர இடத்துப் பறவையின் பாணியைக் காதில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்தால் குழம்பிவிடும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும். 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன், எடிசனின் மெழுகு உருளைக் கருவியில் தன் வளர்ப்புப் பறவை பாடுவதைப் பதிவு செய்தான். நமக்குத் தெரிந்தவரை மனிதர்கள் ஒலிப்பதிவு செய்த முதல் பறவைப் பாட்டு அதுதான். அந்தப் பறவை ஒரு சோலைபாடி. கூண்டில் இருந்து பாடியது. உலகத்தின் முதல் பதிவே இந்தப் பறவையுடையது என்று தெரிந்த நாளில், மாமாவின் நெற்றி விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் இருட்டில் பாடிய பறவைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சரி, பாட்டு எப்படி இருக்கும்? கீழ்க் குரலில், தடித்த சீழ்க்கையில் ஒரு சங்கதி வரும். நிற்கும். அடுத்தது வேறு மாதிரி வரும். மறுபடி நிற்கும். இரண்டு சங்கதிக்கு நடுவில் விடும் இடைவெளிதான் இதன் அழகு, பறவை யோசித்துப் பாடுகிற மாதிரி இருக்கும். நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் எடுத்துக் கோத்துக்கொள்ளும். குண்டுக்கரிச்சானின் பாட்டும் இனிமையானதுதான். ஆனால் அது மெல்லியது, உயரமானது. சோலைபாடியின் குரலில் அடிவயிற்றுக் கனம் இருக்கும்.

இன்னொரு குரலும் உண்டு. அதையும் பழகாமல் போனால் பாதி வாய்ப்பு போய்விடும். இரை தேடும்போதும் பயந்தபோதும் ஆணும் பெண்ணும் "டெக், டெக்" என்று, இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போல, வறட்சியாக ஒலிக்கும். பாட்டு இல்லாத மாதங்களில் பறவை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த டெக் மட்டும்தான்.

குழப்பக்கூடிய குரல்கள் முக்கியமாக இரண்டு. ஓடைகளின் பக்கம் சீகாரப் பூங்குயில் சீழ்க்கை அடிக்கும். பள்ளிக்கூடம் போகும் பையன் பாட்டு மறந்துபோய் மனம்போன போக்கில் விசிலடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி, ராகம் ஏறும், இறங்கும், முடிவில்லாமல் தளரும். அதைச் சோலைபாடியோடு ஒருமுறை பிரித்துக் கேட்டுவிட்டால் பிறகு தடுமாற்றம் வராது. துடுப்புவால் கரிச்சான்தான் கஷ்டம். அதுவும் விடியும் முன்பே தொடங்கும், அதுவும் பலகுரல் கலைஞன். அது பாடும்போது உலோகத்தைத் தட்டும் ஒலியும் கரகரப்பும் இடையில் விழும், மரத்தின் உயரத்திலிருந்து வரும். சோலைபாடி தாழ்வாக, புதருக்குள்ளிருந்து அல்லது சற்று மேலே ஒரு கிளையிலிருந்து பாடும். குரல் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று கவனிப்பது பாதி விடை.

எந்த மாதம் போவது

மாசி பிறந்ததும் பாட்டு சூடுபிடிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் உச்சம். தெற்காசியாவில் இதன் இனப்பெருக்கக் காலம் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை நீண்டாலும், ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் பெரும்பாலான கூடுகள். நான் பங்குனியைத்தான் சொல்வேன். பாட்டும் இருக்கும், மழையும் அட்டையும் குறைவு. தேக்கு இலை உதிர்ந்து காட்டில் பார்வை கொஞ்சம் திறந்திருக்கும். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், குற்றாலத்துக்குச் சாரல் சீசன் என்று எல்லோரும் சந்தோஷப்படுவோம். ஆனால் மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் மழை இரைச்சலில் எதுவும் கேட்காது.

ஐப்பசி, கார்த்திகையில் போனால் பாட்டை எதிர்பார்க்காதீர்கள். அப்போது பறவை தனியாக, அடக்கமாகத் திரியும். டெக் ஒலியை நம்பித்தான் போக வேண்டும்.

காட்டைப் படியுங்கள்

சோலைபாடி எல்லாக் காட்டிலும் இருக்காது. மலையின் உச்சிச் சோலைகளில் தேட வேண்டாம். அடிவாரத்து ஈர இலையுதிர் காடு, பசுமைமாறாக் காட்டின் கீழ்விளிம்பு, இரண்டும் கலக்கும் பள்ளத்தாக்கு, இவைதான் இதன் வீடு. அதற்குள்ளும் ஒன்று முக்கியம்: அடர்ந்த கீழ்த்தளம். மூங்கில் கூட்டம் இருந்தால் நம்பிக்கையோடு நில்லுங்கள். ஈற்றை என்கிற சிறுமூங்கில் மண்டிய ஓடைக்கரையும் நல்லதே. உண்ணிச்செடிப் புதர் காட்டுக்குக் கேடு என்றாலும், இந்தப் பறவை அதற்குள்ளும் புகுந்து வாழ்கிறது.

தரையைப் பாருங்கள். உதிர்ந்த இலை கனமாகக் கிடந்து, கிளறினால் ஈரம் தெரிகிறதா? அங்கே வண்டு, கறையான், புழு, சிலந்தி எல்லாம் இருக்கும். சோலைபாடி தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து தரையை உற்றுப் பார்க்கும், இறங்கிக் கொத்தும், மறுபடி கிளைக்கு வரும். இலைச்சருகு இல்லாத இடத்தில் அதற்குச் சாப்பாடு இல்லை.

ரப்பர் தோட்டத்துக்குள் தேடாதீர்கள். வரிசை வரிசையாக மரம் நிற்கும், அடியில் செடியைச் செதுக்கி வைத்திருப்பார்கள், பறவைக்கு மறைவே கிடையாது. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓரம் வேறு விஷயம். மாமா முப்பது வருடம் கேட்டது அந்த ஓரத்திலிருந்துதான். பழைய தேக்குத் தோட்டங்களிலும் அடியில் மூங்கிலும் புதரும் வளர விட்டிருந்தால் பறவை இருக்கும். சுத்தமாக வைத்திருந்தால் இருக்காது. மனிதர்கள் "காடு மண்டிப்போச்சு" என்று சலித்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

செங்கோட்டையிலிருந்து போகிறவர்களுக்குத் தோதான பகுதி ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் இடையிலான பள்ளத்தாக்கு. கழுதுருட்டி ஆற்றை ஒட்டியே சாலையும் ரயில் பாதையும் போகின்றன. பதிமூன்று கண் பாலம் இருக்கும் இடம் அது. அதற்கு அப்பால் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம், 1984இல் அறிவிக்கப்பட்டது, செங்குறிஞ்சி மரத்தால் அந்தப் பெயர். தமிழ்நாட்டுப் பக்கமே இருக்க விரும்புகிறவர்களுக்கு முண்டந்துறை அடிவாரமும், வடக்கே ஆனைமலையின் டாப்சிலிப்பும், முதுமலையும் உண்டு. கேரளத்தில் இன்னும் உள்ளே போக முடிந்தால் எர்ணாகுளம் மாவட்டத்துத் தட்டேக்காடு. பறவையியலாளர் சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது தங்கி வேலை செய்த இடங்களில் ஒன்று அது. ஐம்பது ஆண்டு கழித்து, 1983இல், பறவைச் சரணாலயம் ஆனது.

நான் வழக்கமாக உட்காரும் வளைவு எது என்று இங்கே எழுதவில்லை. ஒரே இடத்துக்கு எல்லோரும் வந்து நின்றால் அந்த ஜோடி இடத்தை விட்டுப் போய்விடும். மேலே சொன்ன அடையாளங்களை வைத்து உங்களுக்கென்று ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

அனுமதியும் ஆனையும் அட்டையும்

சரணாலய எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியும் அவர்கள் அனுப்பும் வழிகாட்டியும் இல்லாமல் கால் வைக்க வேண்டாம். தென்மலையில் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம். வழிகாட்டியாக வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காட்டிலேயே வளர்ந்தவர்கள். பறவையின் பெயரைச் சொன்னால் போதாது, விடியும் முன் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், நடக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சேட்டன் என்று கூப்பிட்டு ஒரு கட்டன்சாயா குடித்துக்கொண்டு பேசினால் நீங்கள் கேட்காத தகவலும் கிடைக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஆனை நடமாட்டம் உண்டு. மூங்கில் சோலைபாடிக்குப் பிடித்தது போலவே ஆனைக்கும் பிடித்தது. புதுச் சாணம், முறிந்த மூங்கில், ஆனைவாசனை ஏதாவது தெரிந்தால் அன்றைக்குத் திட்டத்தை விட்டுவிடுங்கள். விடியலுக்கு முன் தனியாகக் காட்டுப்பாதையில் நடக்கவே கூடாது. துணைக்கு ஆள் கிடைக்காத நாளில் ஊரும் காடும் சேரும் சாலையோரம் போதும், அங்கேயும் பாடும்.

அட்டைக்குக் காலுறைக்கு மேல் அணியும் நீண்ட துணி உறை வாங்கிக்கொள்ளுங்கள். புகையிலை ஊறவைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைப்பது பழைய வழி, இன்னும் பலிக்கிறது. உடை மங்கலான பச்சை அல்லது பழுப்பு. வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம்.

பைனாகுலர் வாங்கப் போகிறீர்கள் என்றால் 8×42 வாங்குங்கள், 10×42 வேண்டாம். காரணம் வெளிச்சம். முன்கண்ணாடியின் 42 மில்லிமீட்டரை உருப்பெருக்கத்தால் வகுத்தால் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8க்கு 5.25 மில்லிமீட்டர், 10க்கு 4.2தான். சோலைபாடி வெளியே வருவது மூங்கிலடி அரையிருட்டில், விடியலிலும் அந்தியிலும். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் கறுப்பு உருவத்தைக் கறுப்புப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும்.

உட்காருவது எப்படி

தென்மலைப் பக்கம் பங்குனி நடுவில் 6.20 வாக்கில் சூரியன் உதிக்கும். நீங்கள் 5.40க்குள் உட்கார்ந்துவிட வேண்டும். டார்ச் விளக்கின் முன் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். இடத்துக்குப் போனதும் அணைத்துவிடுங்கள்.

முதல் நாள் மாலையே இடத்தைப் பார்த்து வைத்திருப்பது நல்லது. மூங்கில் கூட்டத்துக்குள் நுழையாதீர்கள். பதினைந்து இருபது அடி தள்ளி, முதுகுக்கு ஒரு பெரிய மரம் இருக்கும்படி, எதிரே சருகு கிடக்கும் திறந்த தரை கொஞ்சம் தெரியும்படி உட்காருங்கள். ஓடைச் சத்தம் அதிகமானால் கேட்காது, கொஞ்சம் தள்ளிப் போங்கள். கீழே விரிக்க ஒரு துண்டு. தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டும் தூரத்தில், மூடி ஏற்கெனவே தளர்த்தி. திறக்கும் சத்தம்கூடக் காட்டில் பெரியது.

அப்புறம் காத்திருப்பது. முதல் பத்து நிமிடம் காடு உங்களைக் கவனிக்கும். பூச்சி இரைச்சல் உங்களைச் சுற்றிக் கொஞ்சம் அடங்கியிருக்கும், மெல்லத் திரும்பும். எங்கோ துடுப்புவால் கரிச்சான் தொடங்கும். அதற்கு மயங்க வேண்டாம். வானம் சாம்பல் நிறமாகும்போது, இலையின் உருவம் தெரிந்து நிறம் தெரியாத அந்த வேளையில், முதல் சங்கதி விழும்.

உடனே பைனாகுலரைத் தூக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு சங்கதி கேளுங்கள். எந்தத் திசை, எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம். கையைக் காதுக்குப் பின்னால் குவித்துத் தலையை மெல்லத் திருப்பினால் திசை துல்லியமாகும். பாடும் ஆணுக்கு வழக்கமான கிளைகள் உண்டு. ஒரு காலையில் ஒரே இரண்டு மூன்று இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். பாட்டு நின்றதும் அது இரைக்குத் தரையிறங்கியிருக்கலாம். இப்போது கண்ணைத் தரைக்குக் கொண்டுவாருங்கள்.

நான் முதல்முறை நன்றாகப் பார்த்தது அப்படித்தான். மூன்று விடியல் வெறும் குரலோடு போயிற்று. நாலாவது நாள், பாட்டு நின்று வெகு நேரம் ஆகிவிட்டதே என்று எழுந்திரிக்க நினைத்த நேரத்தில், எனக்கு எதிரே சருகில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பிட்டத்து வெள்ளை. அந்த வெள்ளை ஒரு தாவலில் மூங்கில் கணுவில் ஏறியது. ஏறியதும் வாலை மேலே தூக்கி மெல்ல இறக்கியது. அப்போதுதான் முழுப் பறவையும் சேர்ந்து வந்தது: கறுப்பு நெஞ்சு, செங்கல் வயிறு, அந்த நீண்ட வால். ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ. மூச்சு விட்டதாக நினைவில்லை.

வந்து உட்கார்ந்ததும் வாலை வெடுக்கென்று தூக்குவது இதன் பழக்கம். மங்கலில் நிறம் தெரியாவிட்டாலும் அந்த அசைவு தெரியும்.

வெயில் ஏறி 8 மணி ஆனதும் எழுந்துவிடலாம். அதற்குமேல் பறவை உள்ளே போய்விடும்.

பார்த்தது அதுதானா

நீண்ட வாலைப் பார்த்ததும் ஏமாறக்கூடிய பறவை அரசவால் ஈபிடிப்பான். அது நடுமரத்தில் பறந்து பறந்து பூச்சி பிடிக்கும், வால் நாடா போல் நெளியும், தலையில் கொண்டை இருக்கும். சோலைபாடிக்குக் கொண்டை கிடையாது. தரையில் சருகைக் கிளறும் இன்னொரு பறவை செந்தலைப் பூங்குயில், தலையும் வயிறும் ஆரஞ்சு நிறம், வால் குட்டை. குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவியும் இதே சருகில் தத்தித் தத்தி நடக்கும். அதன் வண்ணக் கலவையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அது விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும் என்பதால் காதுக்கு ஒரு கடிகாரம்.

கூட்டைத் தேடாதீர்கள்

கூட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், தேடிப் போகாதீர்கள். மரப்பொந்திலும் மூங்கில் குழியிலும், அதிக உயரமில்லாத இடத்தில், வேர், இலை, தண்டு, பெரணி இவற்றால் பெண் தனியாகக் கூடு கட்டும். ஆண் காவல். நாலைந்து முட்டை. அடைகாப்பதும் பெண்தான், 12 முதல் 15 நாள். குஞ்சு பொரித்ததும் இருவரும் இரை கொண்டுவருவார்கள். கிட்டத்தட்ட 12 நாளில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வரும். ஒரே இடத்தில் டெக் டெக் என்று இரண்டு பறவைகள் விடாமல் உங்களைச் சுற்றி ஒலித்தால் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே பின்வாங்குங்கள். மனிதன் நின்று காட்டிக்கொடுத்த பொந்தைப் பாம்பும் குரங்கும் எளிதில் கண்டுபிடித்துவிடும்.

அலைபேசியில் குரலை ஒலிக்கவிடுவது

பதிவான பாட்டை அலைபேசியில் ஒலிக்கவிட்டால் ஆண் பறவை வரும். எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்துத்தான் வருகிறது. பல வருடம் முன்பு ஒரு சித்திரை மாதம் நானும் செய்தேன். பறவை வந்தது, பக்கத்துக் கிளைக்கே வந்தது. வாலை விரித்துத் தூக்கித் தூக்கி இறக்கி, இல்லாத எதிரியைத் தேடி என்னைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பக்கத்தில் ஜோடி இரை தேடிக்கொண்டிருந்தது. ஆண் அரைமணி நேரம் ஒரு பூச்சிகூட எடுக்கவில்லை. நான் எடுத்த படம் நன்றாக வந்திருந்தது, அதை அழித்துவிட்டேன். கூடு கட்டும் காலத்தில் அந்த அரைமணி நேரம் குஞ்சுகளின் சாப்பாடு. நீங்கள் யாரும் அதைச் செய்யாதீர்கள், கூட வருகிறவர் செய்தால் தடுத்துவிடுங்கள்.

அலைபேசிக்கு நல்ல வேலை ஒன்று உண்டு: பதிவு செய்வது. ஒலிப்பதிவை ஓடவிட்டு அருகில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். மெர்லின் செயலி கேட்கும் குரலுக்குப் பெயர் சொல்ல முயலும். இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் இயங்கும். ஆனால் மற்றப் பறவைகளைப் போல் பாடும் பறவையிடம் எந்தச் செயலியும் தடுமாறலாம். அது சொல்வதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு உங்கள் காதால் முடிவு செய்யுங்கள். திரும்பியதும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலைப் போடுங்கள். பார்க்காமல் கேட்டது என்றால் அதையும் குறித்தே போடலாம். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பறவை வரைபடம் தயாரித்தார்கள். இங்கே பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எல்லையோரத்தில் இருக்கும் நாமும் அதற்கு உதவலாம்.

கூண்டைப் பற்றி

இவ்வளவு நல்ல குரலே இந்தப் பறவைக்கு ஆபத்தாகவும் இருக்கிறது. இந்தோனேசியாவில் இதை முராய் பாத்து என்கிறார்கள். அங்கே பாட்டுப் போட்டிகள் நடக்கின்றன, பரிசுக்காகப் பறவை பெரும் விலைக்குக் கைமாறுகிறது. காட்டிலிருந்து பிடித்துப் பிடித்துப் பல இடங்களில் அரிதாகிவிட்டது. 2022இல் பனாமாவில் நடந்த, சைட்டிஸ் என்ற காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தின் மாநாட்டில், நாடுகளுக்கு இடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். ஹவாய்த் தீவுகளில் 1931இல் கொண்டுபோய் விட்ட பறவைகள் அங்கே காட்டுப் பறவையாகவே பெருகிவிட்டன.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் விற்பதும் குற்றம். சந்தையிலோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ கூண்டில் பார்த்தால், பாவம் என்று காசு கொடுத்து வாங்கி விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காசில் அடுத்த பறவையைப் பிடிப்பார்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

மாலையும் உண்டு

விடியலுக்கு எழ முடியாதவர்கள் மாலை 5.30க்குள் உட்கார்ந்தால் போதும். மற்றப் பறவைகள் அடங்கிய பிறகும், சூரியன் மறைந்த பிறகும் இது கொஞ்ச நேரம் பாடும். ஓடையோரம் உட்கார்ந்தால் இன்னொரு காட்சி கிடைக்கலாம். ஒரு வைகாசி அந்தியில் பெண் பறவை ஒன்று, ஆழமில்லாத பாறைக்குழியில் இறங்கி இறகைச் சிலிர்த்துக் குளித்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆண் மேலே கிளையிலிருந்து பாடிக்கொண்டே இருந்தது.

மாலையில் உட்காருகிறவர்கள் முழு இருட்டுக்கு முன் சாலைக்கு வந்துவிட வேண்டும், ஆனை இறங்கும் நேரம் அது. தென்மலையிலிருந்து செங்கோட்டைக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு சங்கதி, இன்னும் ஒரு சங்கதி என்று அந்தப் பாட்டு உங்களை இழுத்து உட்காரவைத்துவிடும்.